மறுமொழி: நீல நிறம் வந்தால் கலம் முதுமையடைந்துவிட்டதா?

தங்கச்சி, மாங்குளத்து வீட்டில் இருந்து ஆய்வறிக்கை எழுதுகிறீர்கள் என்றும், தட்டை நிறைத்து வளர்ந்த தோல் பைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) கலங்கள் பிஎச் 6-இல் பீட்டா கலக்டோசிடேஸ் என்ற நொதியைக் காட்டும் சாயத்துக்கு நீலமாகிவிட்டன என்றும் எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் வைத்து "முதுமை", அதாவது கலம் நிரந்தரமாகப் பிரிவதை நிறுத்திவிட்டது, என்று எழுதிவிடாதீர்கள். கலங்கள் நெருக்கியடித்து, இடமில்லாமல் பிரிவதை நிறுத்தி ஓய்வில் நின்றாலும் அந்த நீலம் வரும்.

ஓய்வில் நிற்கும் கலம், சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளம் திறக்கும்வரை காத்திருக்கும் வயல் மாதிரி. தண்ணீர் வந்தால் முளைக்கும். முதுமையடைந்த கலம் திரும்பப் பிரியாது. ஆகவே முதலில் கொஞ்சக் கலங்களை எடுத்து, ஐதாக, புதிய சீரத்துடன் மறுபடி வளர்த்துப் பாருங்கள். பிரியும் கலங்களில் மட்டும் தெரியும் கி-67 புரதம் திரும்பத் தோன்றினால் அவை ஓய்வில்தான் இருந்திருக்கின்றன.

அப்புறம் புரதங்கள். கலப்பிரிவை நிறுத்தும் புரதங்களில் பி21 முதலில் ஏறும், ஆனால் டிஎன்ஏ சேதத்தால் தற்காலிகமாக நின்ற கலத்திலும் அது ஏறும். அதே வேலையைச் செய்யும் பி16 மெதுவாக ஏறி, பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிரிவை முன்னே தள்ளும் சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள் இரண்டையும் அது அடக்குவதால் ஆர்பி புரதம் பிரிவைப் பூட்டி வைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று லாமின் பி1. கருவுறையின் உட்புறத்தில் இருக்கும் இந்தப் புரதம் முதுமையில் குறைந்துவிடும், ஓய்வுநிலையில் அப்படிக் குறைவதில்லை. உங்களுடைய குழப்பத்துக்கு இதுதான் நேரான விடை.

முதுமையடைந்த கலங்கள் பெரும்பாலும் வெளிவிடும் இன்டர்லூக்கின் 6 என்ற அழற்சிப் புரதத்தை அளக்க வசதியிருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சரி. கலங்கள் எத்தனையாவது பிரிவில் இருந்தன என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். லாமின் முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.