பருந்து 'ஃப்ளட்டர்' செய்யுமா?

ஆங்கிலக் கதையில் பருந்து 'ஃப்ளட்டர்' செய்தது என்று எழுதினேன், ஆசிரியர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார், காற்றுக்கான சொற்களும் குழப்புகின்றன என்று கேட்டிருந்தீர்கள். கோடு போட்டது சரிதான். ஃப்ளட்டர் என்றால் வண்ணத்துப்பூச்சியின் படபடப்பு. பருந்துக்கு 'சோர்' போடுங்கள். மேலெழும் வெப்பக்காற்றைப் பிடித்துச் சிறகடிக்காமலே உயரே போவது அது. 'கிளைட்' செய்யும்போதும் இறக்கை அசையாது, ஆனால் உயரம் மெல்ல மெல்லக் குறையும். நின்ற இடத்திலேயே பறந்தால் 'ஹவர்'.

அப்புறம் காற்று. ப்ரீஸ் என்றாலே தென்றல் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் தொடங்கிவைத்த, காற்றின் வலிமையைச் சொல்லும் அளவுகோலில் 2 முதல் 6 வரை எல்லாமே ப்ரீஸ்தான். ஆறில் குடை பிடிக்கவே திண்டாட வேண்டும்! எட்டைத் தொட்டால் கேல், அதாவது கடுங்காற்று. கஸ்ட் இந்த வரிசையிலேயே இல்லை. சட்டென்று வீறிட்டு அடங்கும் ஒற்றை வீச்சு, ப்ரீஸிலும் வரும், கேலிலும் வரும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: ஜன்னலைக் குறிக்கும் 'விண்டோ' என்ற சொல்லின் மூலம், பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) மொழியில் 'காற்றின் கண்'. ஜன்னலுக்கு நம் பழைய சொல் காலதர், அதாவது காற்று வரும் வழி.