ஒரிஜினல் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்

தங்கச்சிமடத்து அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். மகள் பிளஸ் டூ எழுதிவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். வெளி மாவட்டத்துக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கிறவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, பத்தாயிரம் முன்பணமும் பத்தாம் வகுப்பு ஒரிஜினலும் கொடுத்தால் இன்ஜினியரிங் சீட்டை இப்போதே உறுதி செய்துவிடலாம் என்கிறார். டி.சி. வந்ததும் அதையும் கொடுத்துவிட வேண்டுமாம். மகளோ மீன்வளப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். அதைக் கேட்டு மச்சானுக்குக் கோபம். இதுதானே விஷயம்?

முதலில் அந்த ஆளுக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள்: "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

அவர் ஏன் இப்போது வருகிறார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, மச்சான் வீட்டில் இருக்கிறார், கையில் காசு இல்லை, மனதில் பயம் இருக்கிறது. ரிசல்ட்டும் இதே சமயத்தில்தான் வரும். பயந்த வீட்டில் அவசரம் நன்றாக விலைபோகும். ஆனால் நிஜத்தில் மே மாதத்தில் யாருக்கும் நீங்கள் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. பொறியியல் கலந்தாய்வு பெரும்பாலும் ஜூலையில்தான் சூடுபிடிக்கும். அதற்குள் படகு கடலுக்குப் போய்விடும். இப்போது உங்களுக்கு ஆகும் செலவு விண்ணப்பக் கட்டணமும் ஜெராக்ஸும் பஸ் டிக்கெட்டும்தான்.

முன்பணம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்த மீனை நல்ல விலை கொடுக்கிற வேறு ஆளுக்குப் போட முடியுமா? அங்கே பணத்தை வாங்கிச் சிக்குகிறோம், இங்கே கொடுத்துச் சிக்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் பணத்தைவிட மோசமான சிக்கல் ஒரிஜினல் சான்றிதழ்.

எனக்கே நடந்திருக்கிறது. நான் பள்ளி முடித்த கோடையில் இதே மாதிரி ஒருவர் வந்தார். அப்பா நம்பி எல்லாவற்றையும் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அரசுக் கல்லூரியில் எனக்கு இடம் வந்தது. சான்றிதழைக் கேட்டுப் போனால், முதல் வருஷ ஃபீஸை முழுசாகக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார்கள். அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. அது திரும்பி வர மூன்று வருஷம் ஆனது. ஒரு நாள்கூட உட்காராத வகுப்புக்கு நாங்கள் கட்டிய பணம் அது. இன்று கல்லூரிகளுக்கு விதி போடுகிற யுஜிசி, ஏஐசிடிஇ இரண்டின் விதிகளும் தெளிவாக இருக்கின்றன: சரிபார்த்த பிறகு ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. விதி இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடவும் வேண்டாம். கொடுக்காமல் இருந்தாலே போதும்.

இன்னொரு கணக்கு இதைவிடப் பெரியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. 2021இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. ஆனால் அரசுக் கலந்தாய்வு வழியாகப் போனால்தான் இது. அந்த ஆள் கொடுப்பது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்புகிற மேனேஜ்மென்ட் சீட். அதில் சேர்ந்தால் 7.5 போச்சு, முதல் பட்டதாரிச் சலுகையும் போச்சு. "ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று அவர் சொல்லியிருப்பாரே, மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டப் பணத்தைத்தான் சொல்லியிருப்பார். அது அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்கு எந்த அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் சேர்ந்தாலும் வருவது. அவர் வீட்டுப் பணம் இல்லை.

சரி, மச்சானின் கோபத்துக்கு வருகிறேன். "நாங்க கடலில் பட்டது போதாதா, இவளும் மீனா?" என்று அவர் கேட்டதாகச் சொன்னீர்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போன படகு திரும்பும்வரை கரையில் நிற்கிற குடும்பத்துக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பி.எஃப்.எஸ்சி. என்கிற இந்த மீன்வளப் படிப்பு வலை இழுக்கிற படிப்பு இல்லை. நான்கு வருஷப் பட்டம். மீன், இறால் வளர்ப்பு, மீன் நோய், பதப்படுத்துதல், கடல் சூழல் என்று போகும். முடித்தால் மீன்வளத் துறையில் ஆய்வாளர் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதலாம். வங்கிகளில் வேளாண் அதிகாரி பணிக்கான ஐபிபிஎஸ் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும், இது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வு எழுதித்தான் போக வேண்டும். எந்த இன்ஜினியரிங் கல்லூரியும் நிச்சயம் என்று சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

நமக்குப் பக்கம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 1977இல் தொடங்கியது, இப்போது நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. சாயல்குடி வழியாகக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடலாம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இதற்கான விண்ணப்பம் தனி. பொறியியலுக்குப் போட்டுவிட்டு இதுவும் அதில் சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தகவல் கையேட்டில் சிறப்பு ஒதுக்கீடு என்று ஒரு பகுதி இருக்கும், மீனவர் குடும்பங்களுக்கு என்ன இருக்கிறது என்பதை மகளையே படித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்த இடம் கிடைக்காமலும் போகலாம். அதற்கும் இப்போதே வழி பார்த்து வைக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, தொண்டியில் இருக்கிற அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையில் மேற்படிப்புக்கு முயலலாம். ஃபீஸ் மிகக் குறைவு, பஸ் தூரம். இதைச் சொன்னால் "ஆர்ட்ஸ் காலேஜா" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஃபீஸ் கட்டப்போவது அவர்கள் இல்லையே.

மச்சானுக்கு ஒரு வேலை கொடுங்கள். தடைக்காலம்தானே, வீட்டில்தான் இருக்கிறார். மகளை மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகட்டும். அந்த நிறுவனம் 1947இல் தொடங்கியது, தலைமையகம் பல வருஷம் மண்டபத்தில்தான் இருந்தது, அப்புறம்தான் கொச்சிக்குப் போனது. இந்தியாவில் முதன்முதலில் கோபியா மீனைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்ததும் இங்கேதான், 2010இல். வாசலில் முன்கூட்டிக் கேட்டு, எதைப் பார்க்க விடுகிறார்களோ அதைப் பார்க்கட்டும். மச்சானுக்குத் தெரிந்த மீனைப் பற்றி வேறொருவர் வேறு மாதிரி பேசுவதைக் கேட்டால் வீட்டில் பேச்சு கொஞ்சம் மாறும் என்று எனக்கு ஒரு எண்ணம். மாறாமலும் போகலாம். அப்படியானால் ஆகஸ்ட் வரை பேச நேரம் இருக்கிறது.

மகளிடம் இன்ஜினியரிங் ஆசை கொஞ்சமாவது இருந்தால் அதற்கும் விண்ணப்பிக்கட்டும், கெட்டுப்போகாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு கட்-ஆஃப் வரும். விருப்பப் பட்டியலை பிரவுசிங் சென்டர் பையன் கையில் விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டும் ஓடிபி வருகிற போனும் அவளிடமே இருக்க வேண்டும். மாவட்டத்தில் உதவி மையம் இருக்கிறது, அங்கே காசு கேட்க மாட்டார்கள். பட்டியலில் எந்தக் கல்லூரி நிஜமாகவே பிடிக்கிறதோ அதை மேலே போட வேண்டும், கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போடக் கூடாது. கீழே இருப்பது தானாக வரும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் பெரிய கட்டடத்தையும் வாசல் பேனரையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். படகு வாங்கப் போகிறவர் பெயின்டைப் பார்த்தா வாங்குவார்? அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பார், இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பார். கல்லூரிக்கு அடிப்பலகை என்பது தேர்ச்சி விகிதமும் ஆசிரியர்களும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, அவள் போனில் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவாள். அப்புறம் கல்லூரிக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து, மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். விடுதியில் தண்ணீர் எப்படி, லேபுக்கு உள்ளே விடுகிறார்களா, போன வருஷம் எத்தனை வாத்தியார் வேலையை விட்டுப் போனார்கள்? பிரின்சிபால் அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

இந்தக் கேள்விகளை அவளே கேட்கட்டும் அக்கா. நீங்களும் மச்சானும் பக்கத்தில் இருந்தால் போதும். நாளைக்கு அந்த விடுதியில் தனியாக இருக்கப்போவது அவள்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இ-சேவை மையத்துக்குப் போவது மட்டும்தான். சாதிச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வருமானச் சான்றுக்கும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போனால் ஊரே அங்கே நிற்கும்.

அடுத்த ஞாயிறு நான் பாம்பன் பக்கம் வருகிறேன். மகளையும் முடிந்தால் மச்சானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். மார்க் ஷீட் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவாருங்கள். என்னிடமும் ஒரிஜினல் கொடுக்க வேண்டாம்.