கடைக்கு வெப்சைட்: எந்த மென்பொருள் எடுப்பது? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உட்கார்ந்து பல வருடமாகச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். இந்த முறை கேள்விகள் பெரும்பாலும் முதல் முறையாகக் கட்டப் போகிறவர்களிடமிருந்து வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த், மசாலாத்தூள் வியாபாரம்: அண்ணா, வீட்டில் அரைத்த தூளை பங்களாதேஷ் மார்க்கெட்டில் மேசை போட்டு விற்கிறேன். மற்ற நாளில் வாட்ஸ்அப் ஆர்டர். மகன் விக்ஸ் என்கிறான், அவன் சிநேகிதன் வேர்ட்பிரஸ் என்கிறான். எனக்கு இமெயில் அனுப்பத் தெரியும், அவ்வளவுதான்.

அக்கா, இரண்டு பேர் சொல்வதும் தப்பில்லை. நான் கேட்பது வேறு: மிளகாய் விலை ஏறிவிட்டது, ஞாயிறு ராத்திரி வெப்சைட்டில் விலையை யார் மாற்றுவார்கள்?

நீங்கள்தான் என்றால் விக்ஸ் எடுங்கள். எழுத்தைத் தொட்டு மாற்றலாம், படத்தை இழுத்து வைக்கலாம், பாதுகாப்பு அப்டேட்டை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கலாம், சுவரைக் கழற்றிக் கொண்டுபோக முடியாது. கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு நிறுவனத்தில் வைக்க வழி இல்லை. டெம்ப்ளேட் என்கிற ஆயத்த வடிவமைப்பையும் நிதானமாகப் பார்த்து எடுங்கள். கட்டி முடித்தபின் அதே தளத்துக்கு வேறு டெம்ப்ளேட் மாட்ட முடியாது, புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. இன்று உலகத்து வெப்சைட்டுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதனால் எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் கிடைப்பார். ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதை நடத்தும் நிறுவனத்தின் இடத்தில் நடப்பது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்கும் இடம், நாம் வாங்க வேண்டும். உங்கள் மகனின் சிநேகிதன் சொல்வது அநேகமாக இரண்டாவது. அதில் தளம் முழுக்க உங்களுடையது, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஆனால் அப்டேட்டும் உங்கள் பொறுப்பு. கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளக்இன் என்ற துணை மென்பொருள் பழசானபின் அதை அப்படியே விட்டுவைத்தால் திருடன் அந்த வழியாகத்தான் வருவான்.

உங்களுக்கு நான் சொல்வது விக்ஸ், ஐந்து பக்கம், ஒரு வாட்ஸ்அப் பட்டன். ஆன்லைன் பணம் இப்போதைக்கு வேண்டாம். சரக்கின் பெயர், எடை, விலை எல்லாவற்றையும் தனியாக ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி வையுங்கள். படங்களை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். நாளைக்கு வீடு மாறினாலும் அந்த இரண்டும் உங்களோடு வரும்.

ஃபீனிக்ஸ், எலக்ட்ரீஷியன்: இலவச பிளான் போதாதா?

தம்பி, பழகிப் பார்க்கப் போதும், தொழிலுக்குப் போதாது. வேனில் எழுதப் போகிற முகவரியில் உங்கள் பெயருக்கு முன்னால் இன்னொரு கம்பெனியின் பெயர் நிற்கக் கூடாது. இலவசமாகக் கொடுப்பதை ஒருநாள் மூடவும் செய்வார்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அடித்தவர்கள் கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று. டாட் சிஓ டாட் இசட்ஏ என்று முடியும் டொமைன், அதாவது தளத்துக்குச் சொந்த முகவரிப் பெயர், வருடத்துக்கு 200 ரேண்டுக்குள் வாங்கிவிடலாம். முதலில் அதை வாங்குங்கள்.

ஓவர்போர்ட், புடவைக் கடை: நாங்கள் நாடு முழுக்க கூரியரில் அனுப்புகிறோம். ஷாப்பிஃபை எடுக்கலாமா?

புடவை, நிறம், இருப்பு என்று கணக்கு வைக்க, ஆன்லைன் கடைக்கென்றே உள்ள ஷாப்பிஃபை மாதிரி சுலபமானது குறைவு. ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர்களுடைய சொந்தப் பணச்சேவை இங்கே கிடையாது. பேஃபாஸ்ட் போன்ற வேறொரு பணச்சேவையை இணைத்துத்தான் பணம் வாங்க வேண்டும். அப்படி வெளிச்சேவை வைத்தால் ஷாப்பிஃபை தனியாக ஒரு பங்கு எடுக்கும், பேசிக் பிளானில் 2%. 800 ரேண்ட் புடவைக்கு 16 ரேண்ட். மாதம் 50 புடவை போனால் 800 ரேண்ட், அதாவது ஒரு புடவையின் விலை. பேஃபாஸ்ட்டின் கட்டணம் இது போக. மாதச் சந்தாவும் டாலர் கணக்கு, ரேண்ட் இறங்கினால் அது ஏறும்.

வேர்ட்பிரஸோடு வூகாமர்ஸ் என்ற கடை பிளக்இன் போட்டால் அந்த 2% இல்லை. வூகாமர்ஸ் நம் நாட்டுப் பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது. கேப்டவுனில் வேர் விட்ட வூதீம்ஸ் நிறுவனம் 2011-இல் அதை வெளியிட்டது, 2015-இல் வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கிக்கொண்டது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. இருந்தாலும் கடையில் கம்ப்யூட்டர் பார்க்க ஒரு ஆள் இல்லையென்றால் வூகாமர்ஸ் வேண்டாம், ஷாப்பிஃபைக்கு அந்த 800 ரேண்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எதை எடுத்தாலும் சட்டம் ஒன்றுதான். 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டப்படி கடையின் முழுப் பெயர், முகவரி, ஃபோன், எல்லாம் சேர்த்த விலை, திருப்பி வாங்கும் முறை ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புடவை கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வாடிக்கையாளர் திருப்பித் தரலாம். கூரியர் செலவை யார் ஏற்பது என்பதைத் தெளிவாக எழுதி வையுங்கள்.

லெனேசியா, மாணவர்: வெப்சைட் கட்டும் டிரீம்வீவர் மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டுமா?

கடைக்கு வெப்சைட் வேண்டும் என்றால் வேண்டாம். இதைத் தொழிலாகச் செய்ய ஆசை என்றால் வெப்சைட் எழுதும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் நேராகப் படியுங்கள், இலவச எடிட்டர் ஒன்று போதும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கல்யாணப் பத்திரிகை அச்சகம்: பழைய கோப்பிலிருந்து தமிழ் வாசகத்தை எடுத்து ஒட்டினால் குப்பையாக வருகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

மென்பொருள் மேல் தப்பில்லை ஐயா. உங்கள் கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருக்க வேண்டும். அதில் 'அம்மா' என்று நாம் பார்ப்பது, கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. வெப்சைட்டில் முகமூடி கழன்றுவிடுகிறது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடு முறைக்கு, ஒரு மாற்றி மென்பொருளில் போட்டு மாற்றி ஒட்டுங்கள், பிறகு ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது கட்டமரன், இரண்டும் இலவசம். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் கொம்பும் சுழியும் மேல்வரியில் இடிக்கும்.

டோங்காட், கேட்டரிங்: தெரிந்த பையன் வெப்சைட் செய்து கொடுத்தான். இப்போது ஃபோன் எடுப்பதில்லை. புரட்டாசி வருகிறது, மெனுவை மாற்ற முடியவில்லை. வேறு மென்பொருளில் புதிதாகக் கட்டிவிடலாமா?

கட்டலாம் அக்கா, ஆனால் அதற்கு முன்னால் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இதுதான், வருடத்தில் நாலைந்து பேராவது இப்படி வருகிறார்கள். ஒரு பலகாரக் கடை அம்மா எட்டு வருடம் ஒரே முகவரியைப் பெட்டியில் அச்சடித்து விற்றார். டொமைன் பதிவு, வெப்சைட் செய்தவரின் இமெயிலில் இருந்தது. அவர் நாட்டை விட்டுப் போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் யாரும் திறக்காத அந்த இமெயில் பெட்டிக்குப் போனது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளம் மறைந்தது. அச்சடித்த பெட்டி எல்லாவற்றின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டினோம். நானும் உட்கார்ந்து ஒட்டினேன்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: டொமைன் எந்தப் பதிவு நிறுவனத்தில் இருக்கிறது என்று டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் பாருங்கள். நீங்கள் பணம் கட்டிய ரசீது, வியாபாரப் பதிவு இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எழுதுங்கள். டொமைனை வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டால், உரிமையாளர் என்று பதிவான இமெயிலுக்கு ஒப்புதல் கேட்டுக் கடிதம் போகும். அது அந்தப் பையனின் இமெயில் என்றால் அவரைப் பிடித்தே ஆக வேண்டும். வீட்டுக்கு நேரில் போங்கள், கோபப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். டொமைன் உங்கள் இமெயிலுக்கு வந்த பிறகு விக்ஸோ வேர்ட்பிரஸோ எதில் வேண்டுமானாலும் கட்டலாம்.

மறுபடி சாட்ஸ்வொர்த் மசாலா அக்கா: விக்ஸில் ஆரம்பித்துவிட்டேன். 12 படம் போட்டேன், திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது.

ஃபோனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். ஒன்று 4 எம்பி என்றால் பன்னிரண்டும் 48 எம்பி. எந்த மென்பொருளாக இருந்தாலும் ஏற்றும் முன்பே சுருக்குவது நல்லது. ஸ்க்வூஷ் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. அதில் படத்தைப் போட்டு, அகலத்தை 1600 பிக்சலாக்கி, வெப்பி (WebP) என்ற சின்ன கோப்பு வடிவில் சேமியுங்கள். 200 கேபிக்குள் வரும், பன்னிரண்டும் சேர்ந்து 2.4 எம்பிதான். மிளகாய்த்தூளின் சிவப்பு மங்கினால் தரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், உங்கள் சரக்குக்கு அந்த நிறம்தான் விளம்பரம். மாற்றிப் போட்டபின் வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் ஃபோன் டேட்டாவிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.