300 வீட்டுக் கணக்கெடுப்பு போதுமா? குழந்தைத் திருமண விகிதத்தை அளப்பது பற்றி

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். பத்துக் கிராமங்களில் குழந்தைத் திருமணத் தடுப்புத் திட்டம் தொடங்கப் போகிறோம். "இப்போது எத்தனை சதவீதம், இரண்டு வருடத்தில் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று நிதி தருபவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 12.8 சதவீதம் என்று படித்தேன். காவல்துறை வழக்குகளோ மிகக் குறைவு. எதை எடுப்பது? நாங்களே 300 வீடுகளில் கேட்டுப் பார்த்தால் போதுமா?

பதில்: அந்த 12.8 எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். அது 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் எண். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் எப்போது திருமணம் ஆனது என்று கேட்கிறார்கள். ஆனால் விகிதம் போடும்போது 20 முதல் 24 வயதுப் பெண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். திருமணமே ஆகாதவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. இவர்களில் 18 நிறையும் முன்பே திருமணம் ஆனவர்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம், இந்திய அளவில் 23.3 சதவீதம்.

சின்னப் பெண்களைப் பற்றிய கணக்குக்கு ஏன் 20 வயது கடந்தவர்களை எடுக்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. இன்று 16 வயதில் இருக்கும் பெண்ணுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்றால் அவள் தப்பித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்த வைகாசியிலேயே மணமேடையில் உட்கார வைத்துவிடலாம். 18ஐத் தாண்டியவரிடம் மட்டும்தான் "நடந்ததா, இல்லையா" என்று முடிவாகக் கேட்க முடியும். அதனால் 15-19 வயதினரை வைத்து விகிதம் போட்டால் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு, உங்கள் திட்டத்துக்கு மிக முக்கியமான இடம் இதுதான். இந்த எண் எப்போதும் பழைய கதையைத்தான் சொல்லும். ஐந்தாவது கணக்கெடுப்பின் களப்பணி 2021 ஏப்ரலில் முடிந்தது. அதன் கடைசி நாளில் 20 வயது நிறைந்த பெண்ணுக்குக்கூட 2019 ஏப்ரலிலேயே 18 நிறைந்துவிட்டது. அதாவது கொரோனா ஊரடங்கில் நடந்த ஒரு குழந்தைத் திருமணம்கூட அந்த 12.8க்குள் இல்லை. ஊரடங்கு முடிந்த பிறகு வந்த எண் என்பதால் "ஊரடங்கிலும் குறைந்துவிட்டது" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். அது தவறு.

இதே காரணத்தால், "இரண்டு வருடத்தில் இந்த விகிதத்தை இத்தனை புள்ளி குறைப்போம்" என்று தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்கள் இன்று காப்பாற்றப் போகும் 15 வயதுப் பெண் அந்தக் கணக்குக்குள் வரவே ஐந்து வருடம் ஆகும். உங்கள் உழைப்பு முழுவதும் பலித்தாலும் எண் அசையாது. அதைப் பார்த்து நிதியை நிறுத்திவிட்டால் இழப்பு அந்தப் பெண்களுக்குத்தான்.

வழக்கு எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கவே வேண்டாம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் 2021இல் நாடு முழுவதும் பதிவானவை 1,050 வழக்குகள். 23.3 சதவீதத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தாலே புரியும், எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது. உங்கள் வேலை நன்றாக நடந்தால் புகார்கள் கூடவும் செய்யும். அதைத் தோல்வியாக யாரும் படித்துவிடக் கூடாது.

சரி, மாவட்ட எண்ணை எடுக்கலாமா? எடுக்கலாம், எச்சரிக்கையோடு. தமிழ்நாட்டில் அப்போதைய 32 மாவட்டங்களில் மொத்தம் 25,650 பெண்களிடம் பேசினார்கள். ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 800 பேர். அதில் 20-24 வயதினர் நூறு பேருக்கு முன்னே பின்னே இருப்பார்கள். நூறு பேரை வைத்து 20 சதவீதம் என்று வந்தால், உண்மை எண் 12க்கும் 28க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்து மாவட்டத்தைவிட மூன்று புள்ளி கூடுதல் என்று தலைப்பு போடும் அளவுக்கு இதில் பலம் இல்லை. மாவட்டத் தகவல் தாளில் ஓர் எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது 50 பேருக்கும் குறைவானவர்களை வைத்து வந்தது என்று பொருள். நட்சத்திரக் குறி இருந்தால் 25 பேர்கூட இல்லை, அதனால் எண்ணே போடவில்லை.

உங்கள் 300 வீடுகளுக்கு வருவோம். 300 வீடுகளில் ஏறத்தாழ 1,100 பேர் இருப்பார்கள். அதில் 20-24 வயதுப் பெண்கள் 45 பேர் தேறினால் அதிகம். 20 சதவீதம் என்று வந்தால் உண்மை 8ஆகவும் இருக்கலாம், 32ஆகவும் இருக்கலாம். மூன்று புள்ளி கூடக்குறைய என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் எழுநூறு பெண்களிடமாவது பேச வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஐயாயிரம் வீடுகள் ஏற வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கல், பெரிய ஆய்வாளர்களே தவறவிடுவது. பெண் கல்யாணம் ஆகிப் போய்விடுகிறாள். உங்கள் கிராமத்தில் வீடு வீடாகக் கேட்டால் கணக்கில் வருவது வெளியூரிலிருந்து வந்த மருமகள்கள். உங்கள் ஊர் மகள்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். மாநில அளவில் இது பெரிதாகப் பாதிக்காது. பத்துக் கிராமத்தில் கணக்கையே மாற்றிவிடும்.

ஆகவே என் யோசனை இது. மாதிரிக் கணக்கெடுப்பை விடுங்கள். பத்துக் கிராமங்களிலும் 13 முதல் 17 வயதுள்ள எல்லாப் பெண் பிள்ளைகளையும் பெயரோடு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். பத்தாயிரம் பேர் வாழும் இடத்தில் 400 பேர் அளவில் வருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், படிக்கிறாரா, திருமணம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஊரைவிட்டுப் போனவரையும் விட்டுவிடாமல் விசாரியுங்கள். காணாமல் போகும் பெயர்களில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் உங்கள் வேலை பலித்ததா என்பதை இது நேராகவே காட்டும். பதிவேட்டைப் பூட்டி வையுங்கள், நிதி தருபவருக்கு எண்களை மட்டும் அனுப்புங்கள்.

தொடக்க நிலை தெரிய, 18-24 வயது மகள்களைப் பற்றித் தாய்மார்களிடம் கேளுங்கள், கட்டிக்கொடுத்து அனுப்பியவர்களையும் சேர்த்து. "எந்த வயதில் கல்யாணம்?" என்று நேராகக் கேட்டால் "பதினெட்டு" என்றுதான் பதில் வரும், சட்டம் எல்லோருக்கும் தெரியும். பிறந்த மாதம், வருடம் தனியாக, கல்யாண மாதம், வருடம் தனியாக வாங்கி நீங்களே கழித்துப் பாருங்கள். மாதம் நினைவில்லை என்றால் பொங்கலுக்கு முன்பா, ஊர்த் திருவிழாவுக்குப் பின்பா, பத்தாவது பரீட்சை எழுதிய வருடமா என்று கேட்டால் நினைவுக்கு வரும். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அப்படியே நம்ப வேண்டாம், பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள். பக்கத்தில் யாரும் நிற்காத நேரத்தில் கேளுங்கள்.

அப்புறம், கேட்கப் போன இடத்தில் அடுத்த வாரம் நடக்கவிருக்கும் ஒரு திருமணம் உங்கள் ஊழியர் காதில் விழும். அது நிச்சயம் நடக்கும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் கூப்பிடுவது, மாவட்டச் சமூக நல அலுவலரிடம் யார் பேசுவது, தகவல் சொன்ன பெண்ணின் பெயர் வெளியே வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் முதல் வீட்டுக் கதவைத் தட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.