சார்ட்டைப் படித்துவிட்டால் கண் பரிசோதனை முடிந்ததா?

கேள்வி: வயது 39. ராணுவத்தில் ஹவில்தார், இப்போது லடாக்கில் இருக்கிறேன். வருடாந்தர மெடிக்கலில் கண் சார்ட்டை முழுதாகப் படித்துவிடுகிறேன். அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய் உண்டு. நான் தனியாகக் கண்ணைக் காட்ட வேண்டுமா? காட்டினால் மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடுமோ என்று பயம்.

பதில்: காட்டத்தான் வேண்டும். 6 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் சார்ட், பார்வையின் கூர்மையை மட்டும்தான் சொல்லும். (வரிசையில் முன்னால் நிற்பவர் சத்தமாகப் படிக்க, பின்னால் நிற்பவர் மனப்பாடம் செய்துகொள்வதும் நடக்காததல்ல!) கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) கண் நரம்பைக் கெடுப்பது; பெரும்பாலும் வலிக்காது. முதலில் ஓரப் பார்வையைத்தான் தின்னும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால், கடைசி வரியைப் படிப்பவருக்கும் இந்த நோய் இருக்கலாம். அப்பாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறை) ஆர்.எம்.ஓ.விடம் (யூனிட் டாக்டர்) அப்பாவின் நோயைச் சொல்லுங்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரி கண் மருத்துவரிடம் அவர் அனுப்பிவைப்பார். அங்கே கண் அழுத்தம் பார்ப்பார்கள். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருப்பது வழக்கம். ஆனால் அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. அதனால் கண் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஓரப் பார்வைக்கும் ஒரு டெஸ்ட் உண்டு: ஒரு புள்ளியையே பார்த்தபடி, சுற்றிலும் வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். அன்றைக்கு வண்டி ஓட்டுவதும் ஃபயரிங்கும் வேண்டாம்.

கேட்டகரி பயம் புரிகிறது. ராணுவத்தில் உடல் தகுதிக்குக் கிரேடு போடும் ஷேப் (SHAPE) முறையில் 'ஈ' (E) என்பதே கண்தானே! என்ன கிரேடு கிடைக்கும் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பலருக்குச் சொட்டு மருந்திலேயே கட்டுக்குள் நிற்கும். செத்த நரம்பு திரும்பாது. லீவில் ஊரில் காட்டினாலும் சரி, ரிப்போர்ட்டை ஆர்.எம்.ஓ.விடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். அதுவே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். லடாக்கில் கண் சிவப்பதற்குப் பெரும்பாலும் தூசியும் வறட்சியும் வெயிலும்தான் காரணம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டமான நாளிலும் பனிக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.