டஜனா, டஜன்ஸா? கேள்வி பதில்

டஜன் என்ற சொல்லைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

கேள்வி (பெரம்பூர், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா): சார், என் பொண்ணு 'டூ டஜன்ஸ் ஆஃப் பென்சில்ஸ்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் எஸ்ஸையும் அடித்துவிட்டார், ஆஃபையும் அடித்துவிட்டார். இரண்டு என்று வந்த பிறகு எஸ் வேண்டாமா?

பதில்: டீச்சர் அடித்தது சரிதான் அம்மா. 'டூ டஜன் பென்சில்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். டஜனுக்கு முன்னால் எண் நின்றால் எஸ்ஸும் இல்லை, ஆஃபும் இல்லை. எண் இல்லாமல் 'ஏகப்பட்டது' என்ற பொருளில் வந்தால் இரண்டும் உண்டு: 'டஜன்ஸ் ஆஃப் பென்சில்ஸ்'. ஒன்றைப் போட்டு மற்றதை விடுவதுதான் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தவறு. 'டூ டஜன்ஸ் பென்சில்ஸ்', 'எ டஜன் ஆஃப் பென்சில்ஸ்' இரண்டுக்குமே மார்க் போகும்.

இந்த விஷயத்தில் தமிழ்க் காதை நம்பலாம். கடையில் 'ரெண்டு டஜன் வாழைப்பழம் குடுங்க' என்கிறோம். 'ரெண்டு டஜன்கள்' என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் 'டஜன் கணக்கில் வாங்கிக் குவிச்சிருக்கான்' என்போம். தமிழில் 'கணக்கில்' ஒட்டிக்கொள்ளும் இடம்தான் ஆங்கிலத்தில் எஸ்ஸும் ஆஃபும் வரும் இடம். ஹண்ட்ரட், தவுசண்ட், லாக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'ஃபைவ் லாக் ருபீஸ்' ஒரு தொகை, 'லாக்ஸ் ஆஃப் பீப்பிள்' லட்சக்கணக்கான மக்கள். இந்த ஒன்றைப் பொண்ணுக்குப் பழக்கிவிட்டால் நான்கு சொல்லுக்கும் சேர்த்துப் போதும்.

கேள்வி (அண்ணா நகர், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்): பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் 'எ டஜன் ஆஃப் தி மேங்கோஸ் வேர் ராட்டன்' என்று கொடுத்திருந்தார்கள். ஆஃப் தவறு என்று குறித்தேன். விடைத்தாளில் 'பிழை இல்லை' என்று இருக்கிறது. எப்படி சார்?

பதில்: அந்தக் கேள்வியை வைத்ததே உங்களை அந்த ஆஃபில் மாட்டவைக்கத்தான். ஆஃபுக்குப் பின்னால் 'தி' இருப்பதைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கூடை மாம்பழம் இருக்கிறது, அதிலிருந்து பன்னிரண்டு என்று பொருள். தி, தீஸ், தோஸ், மை, தெம் இவற்றில் ஒன்று பின்னால் வந்தால், முன்னால் எண் இருந்தாலும் ஆஃப் கட்டாயம்: 'டூ டஜன் ஆஃப் தீஸ்', 'எ டஜன் ஆஃப் தெம்'. தமிழில் சொல்லிப் பார்த்து 'மாம்பழங்களில் ஒரு டஜன்' என்று வந்தால் ஆஃப் போடுங்கள். வெறும் 'ஒரு டஜன் மாம்பழம்' என்று வந்தால் வேண்டாம். எப்படி இருந்தாலும் டஜனில் எஸ் சேராது.

கேள்வி (அவரே): அப்படியானால் 'வேர்' ஏன்? 'எ டஜன்' ஒருமைதானே?

பதில்: அழுகியவை பழங்கள், அதனால் பன்மை. 'எ டஜன் மேங்கோஸ் ஆர் இன் தி பாக்ஸ்' என்பதும் அப்படியே. விலை சொல்லும்போது மட்டும் டஜனை ஒரே அலகாக எடுத்து ஒருமையில் முடிக்கலாம்: 'எ டஜன் காஸ்ட்ஸ் நைன்டி ருபீஸ்'. தேர்வில் சந்தேகமாக இருந்தால் பொருட்களை எண்ணுகிறார்களா, விலையைச் சொல்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

கேள்வி (வேளச்சேரி): ஹாஃப் டஜன், ஒன் டஜன், செவரல் டஜன். இவற்றில் எது சரி?

பதில்: 'ஹாஃப் எ டஜன் லெமன்ஸ்' என்பது பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் 'எ ஹாஃப் டஜன்' என்றும் சொல்வார்கள். நம்மூரில் 'எ' இரண்டு இடத்திலும் காணாமல் போய் 'ஐ பாட் ஹாஃப் டஜன்' ஆகிவிடுகிறது. 'ஐ பாட் டஜன் ஆரஞ்சஸ்' என்பதும் அதே தவறு. 'ஒன் டஜன்' பில்லுக்குச் சரி. பேச்சில் 'எ டஜன்' இயல்பாக இருக்கும். செவரல், எ ஃபியூ, எ கப்பிள் ஆஃப் ஆகிய மூன்றும் எண்ணைப் போலவே நடக்கும்: 'செவரல் டஜன் சேர்ஸ்'. 'மெனி' மட்டும் கட்சி மாறி 'மெனி டஜன்ஸ் ஆஃப்' என்று வரும்.

கேள்வி (பாரிமுனை, ஸ்டேஷனரி மொத்தக் கடைக் கணக்கர்): எங்களுக்கு டஜன் ரேட்டில் சரக்கு வருகிறது, பீஸ் ரேட்டில் விற்கிறோம். ஜிஎஸ்டி பில்லில் எந்த அலகைப் போடுவது?

பதில்: ஜிஎஸ்டியின் அலகுப் பட்டியலில் டஜனுக்கு டி.ஓ.இசட், பீஸுக்கு பி.சி.எஸ், ஜோடிக்கு பி.ஆர்.எஸ் என்று தனித்தனிக் குறியீடு இருக்கிறது. எதில் ரேட் போடுகிறீர்களோ அதே அலகில் அளவையும் போடுங்கள். ஒரு பேனா 8 ரூபாய், 5 டஜன் விற்கிறீர்கள். அளவு 5, அலகு டி.ஓ.இசட், ரேட் 8 என்று தட்டினால் பில் 40 ரூபாயில் நிற்கும். வர வேண்டியது 480. ஒன்று 60 பி.சி.எஸ், ரேட் 8, இல்லாவிட்டால் 5 டி.ஓ.இசட், ரேட் 96.

பன்னிரண்டால் வகுபடாத ரேட்டிலும் கவனம் தேவை. டஜன் 100 ரூபாய் என்றால் பீஸ் 8.33 ஆகிறது. 60 பீஸுக்கு 499.80 வரும், டஜனாகப் போட்டால் 500. இருபது பைசாதானே என்று விட்டால், பில் கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும். முழு டஜனாக விற்பதை டஜனாகவே பில் போடுங்கள். உடைத்து விற்பவற்றுக்கு மட்டும் முழு ரூபாயில் தனியாக ஒரு பீஸ் ரேட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அவரே): அதே பட்டியலில் ஜி.ஆர்.எஸ் என்று இருக்கிறதே, அது மொத்த எடையா?

பதில்: இல்லை. அது குரோஸ், அதாவது 12 டஜன், 144. பட்டன், ஹூக் மாதிரி சில்லறைச் சாமான்கள் இந்தக் கணக்கில் வரும். 3 குரோஸ் பட்டன் என்றால் 432. 'குரோஸ் வெயிட்' என்ற நினைப்பில் கிலோ சரக்குக்கு ஜி.ஆர்.எஸ் போட்டுவிட்டால், 10 கிலோ 1,440 பீஸாகப் படிக்கப்படும். அதே பட்டியலில் ஜி.ஜி.கே என்று ஒன்று இருக்கும். அது கிரேட் குரோஸ், 12 குரோஸ், 1,728.

இலக்கணத்தில் குரோஸ் டஜனோடு ஒத்துப்போகாது. எண் முன்னால் வந்தாலும் ஆஃப் கேட்கும்: 'த்ரீ குரோஸ் ஆஃப் பட்டன்ஸ்'. எஸ் மட்டும் இதற்கும் கிடையாது.

கேள்வி (தாம்பரம், பகுதிநேர நிருபர்): விபத்துச் செய்தியில் 14 பேருக்குக் காயம். 'டஜன்ஸ் இஞ்சர்ட்' என்று தலைப்பு கொடுக்கலாமா?

பதில்: கூடாது. டஜன்ஸ் என்றால் குறைந்தது இரண்டு டஜனாவது இருக்கும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 14 தெரிந்தால் 14 என்றே போடுங்கள். சரியான எண் கிடைக்கவில்லை, பன்னிரண்டை ஒட்டித்தான் இருக்கும் என்றால் 'அபவுட் எ டஜன்' போதும்.

கேள்வி (மயிலாப்பூர்): 'பேக்கர்ஸ் டஜன்' பதின்மூன்று என்கிறார்களே, ஏன்?

பதில்: இங்கிலாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ரொட்டி எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எடை குறைந்தால் தண்டனை. அதற்குப் பயந்து பன்னிரண்டோடு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நம் கொசுறு பிரியத்தில் வருவது, அது பயத்தில் வந்தது. எண்ணாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்தத் தொடரைப் பயன்படுத்தாதீர்கள். ஆர்டர் கடிதத்தில் எழுதினால் பன்னிரண்டா பதின்மூன்றா என்று திருப்பிக் கேட்பார்கள்.

கேள்வி (ராயபுரம்): உச்சரிப்பு டஜனா, டோசனா?

பதில்: எழுத்தில் ஓ இருப்பதால் 'டோ' என்று இழுக்கிறார்கள், அது தவறு. முதல் எழுத்து 'டப்பா'வில் வரும் குறுகிய ட. நடுவில் இசட் ஒலி, அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் ஜ போடுகிறோம். கடைசி உயிரொலி கிட்டத்தட்ட விழுங்கப்படும்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, உள்ளாடைக் கடை): 'டென் டஜன் பேர்ஸ்' சாக்ஸ் என்று ஆர்டர் வந்திருக்கிறது. 120 எடுத்து வைக்கட்டுமா?

பதில்: 120 ஜோடி. தனித்தனியாக எண்ணினால் 240. பில்லில் பி.ஆர்.எஸ், அளவு 120.