அரபுப் பெண் கலைஞர்களும் அறிவியலாளர்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எகிப்தியப் பாடகி உம்மு குல்சூமின் ஒரே பாட்டு ஒரு மணி நேரம் நீள்கிறது. புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்குவது?

பதில்: பாட்டின் அடிகள் சிலவே, அவற்றை அவர் பாடும் முறைதான் நேரத்தை நீட்டுகிறது. நைல் கழிமுகத்துக் கிராமம் ஒன்றில் இமாமின் மகளாகப் பிறந்து, சிறுவயதில் பையனைப் போல் உடையணிந்து தந்தையோடு சமயப் பாடல்கள் பாடச் சென்றவர் அவர். குர்ஆன் ஓதிப் பழகிய நாவாதலால் ஒவ்வோர் எழுத்தும் துலக்கமாக விழும். அவர் ஓர் அடியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் ஏதேனும் ஒரு சொல் புதிதாக அழுத்தம் பெறும். அரங்கம் ஆர்ப்பரித்து மறுபடியும் கேட்கும். கேட்பவர் தம்மை மறக்கும் அந்த நிலைக்கு அரபியில் ‘தரப்’ என்று பெயர். ஓர் அடியையே பலவிதமாக விரித்துப் பாடும் கர்நாடக இசை நிரவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. 1964இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைத்த ‘இன்த்த உம்ரி’யிலிருந்து தொடங்குங்கள். அதன் முன்னிசையில் எலக்ட்ரிக் கிட்டார் ஒலிக்கும். பாட்டுக்குப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும், தாண்டிவிடாதீர்கள். ஒளிப்பதிவு கிடைத்தால், அவர் கையில் கசங்கும் கைக்குட்டையையும் பாருங்கள்.

கேள்வி: எகிப்திய அணு இயற்பியலாளர் சமீரா மூசா கொல்லப்பட்டாரா?

பதில்: அவர் 1952 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார். கொலை என்பதற்குச் சான்று வெளிவரவில்லை. அணு ஆற்றல் எளியவர்களின் மருத்துவத்துக்கும் பயன்பட வேண்டும் என்று அவர் விரும்பியதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதே என் வருத்தம்.

கேள்வி: விண்மீன்களின் நிலையையும் நேரத்தையும் கணிக்கும் அஸ்ட்ரோலேப் கருவியைக் கண்டுபிடித்தவர் மரியம் அல்-இஜ்லியாதானே?

பதில்: இல்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கர்கள் அதை அறிந்திருந்தார்கள். பாக்தாத் நூல் வணிகர் இப்னு அந்நதீம் பத்தாம் நூற்றாண்டில் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்ற நூற்பட்டியல், அல்-இஜ்லி என்ற அஸ்ட்ரோலேப் கருவியாளரின் மகள் என்றும், அலெப்போவை ஆண்ட சைஃபுத் தவ்லாவிடம் பணியாற்றியவர் என்றும் அவரைக் குறிக்கிறது. மரியம் என்ற பெயர்கூட அதில் இல்லை. கைப்பேசியில் சுற்றிவரும் படங்களை நம்பி வரலாறு எழுதாதீர்கள்.

கேள்வி: கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற மரியம் மிர்சாகானி?

பதில்: 2014இல் அதைப் பெற்ற முதல் பெண். ஆனால் ஈரானியர், அரபியர் அல்லர்.

கேள்வி: அல்-இஜ்லியா பற்றிய உங்கள் பதில் ஒரு பெண்ணின் பெருமையைப் பறிப்பதாக இருக்கிறது.

பதில்: பெருமையைப் பறிப்பது பொய்தான், அது ஒருநாள் உடையும்போது உண்மையான வேலையும் சேர்ந்து மறுக்கப்படும். அந்த வேலை என்னவென்று எண்ணிப் பாருங்கள். பித்தளைத் தட்டின் விளிம்பில் 360 பாகைகளையும் கையாலேயே கீற வேண்டும். ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு முள் நீட்டி நிற்கும் வலைத்தகட்டை அறுத்தெடுக்க வேண்டும். ஊரின் அகலாங்கு மாறினால் அதற்கேற்ற வேறொரு தட்டு வேண்டும். கீறல் பிசகினால் நேரக் கணக்கே பிசகும். அந்தத் தொழிலில் மன்னரிடம் பணியாற்றும் அளவுக்குத் தேர்ந்திருந்தார் என்ற ஒரு வரி எனக்குப் போதும். 7060 என்ற எண்ணுள்ள குறுங்கோள் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

கேள்வி: மிர்சாகானியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பதில்: மேலே பார்க்கவும். பாரசீகம் வேறு, அரபி வேறு.

கேள்வி: ஸஹா ஹதீதின் கட்டடங்கள் ஏன் வளைந்து நெளிகின்றன?

பதில்: 1950இல் பாக்தாத்தில் பிறந்தவர், பெய்ரூட்டில் படித்தது கணிதம். 2004இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வென்ற முதல் பெண் அவரே. வளைவுகளின் பொறியியலைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கேளுங்கள். அது என் துறையன்று.

கேள்வி: ஓவியத்தில் யாரைப் பார்க்கலாம்?

பதில்: சலோவா ரவ்தா ஷுகைர். 1916இல் பெய்ரூட்டில் பிறந்தவர். அரபுக் கவிதையின் அடிகள் தனித்து நின்றும் சேர்ந்தும் பொருள் தருவது போல, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் துண்டுகளால் சிற்பம் செய்தார். லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவருக்கு விரிவான கண்காட்சி நடத்தியபோது ஆண்டு 2013. அங்கே வைக்கப்பட்ட ஓர் ஓவியத்தில், லெபனான் உள்நாட்டுப் போரின்போது குண்டுவெடிப்பில் தெறித்த கண்ணாடி கிழித்த துளைகள் அப்படியே இருந்தன.